வலிக்கு முன்பே ஓய்வு

மூட்டுவாதமோ தீராத முதுகுவலியோ உள்ளவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய நாள், வலி குறைந்திருக்கும் நாள்தான். "இன்றைக்கு உடம்பு பரவாயில்லை" என்று, சேர்ந்து கிடந்த துணி, பாத்திரம், ஒட்டடை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துவிடுகிறோம். மறுநாள் எழுந்திருக்கவே முடிவதில்லை. இரண்டு நாள் படுக்கை, பிறகு மீண்டும் அதே ஓட்டம்.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாள்பட்ட வலி என்கிறது மருத்துவம். அது முழுதாக மறையட்டும் என்று காத்திருந்தால் வாழ்க்கை நின்றுவிடும். பல்லைக் கடித்துக்கொண்டு மல்லுக்கட்டினாலோ வலி கூடும். அளவறிந்து செய்வதே வழி.

எவ்வளவு நேரம் நின்றால் வலி ஏறுகிறது என்று சில நாள் கவனியுங்கள். 20 நிமிடம் என்றால், 15 நிமிடத்திலேயே உட்கார்ந்துவிடுங்கள். எப்போது ஓய்வு என்பதைக் கடிகாரம் சொல்லட்டும்; வலி சொல்லும்வரை பொறுக்க வேண்டாம். காய்கறியை உட்கார்ந்து நறுக்கலாம். துணியை இரண்டு தடவையாகக் காயப்போடலாம். நல்ல நாளிலும் அளவைத் தாண்டாதீர்கள். மோசமான நாளிலும் முடிந்த சிறு வேலையை விடாதீர்கள். உடம்பு பழகியபின், ஓரிரு நிமிடமாகக் கூட்டிக்கொண்டே போகலாம்.

பாதி வேலையில் உட்காருவதைச் சோம்பல் என்று யாரும் சொல்ல வேண்டாம். வீட்டில் இருப்பவர்களே, மீதி வேலையை நீங்கள் கையில் எடுங்கள். வலியோடு இருப்பவருக்கு நீங்கள் தரக்கூடிய நல்ல மருந்து அதுவே.