அளவையை அளப்பது எது?

வீட்டு மின்சாரத்தை மின்மாற்றி குறைத்து, டயோடுகள் ஒருதிசைப்படுத்தி, மின்தேக்கி அதன் அலைகளைத் தணித்துக் கொடுத்த பிறகும் கிடைக்கும் மின்னழுத்தம் ஓரிடத்தில் நிற்பதில்லை. வெளியே மின்சாரம் ஏறினால் அதுவும் ஏறுகிறது, சுற்று கூடுதல் மின்னோட்டத்தை இழுத்தால் இறங்குகிறது. மின்னணுச் சுற்றுகளைத் தம் ஆர்வத்துக்காகக் கட்டுவோர் இந்த அலைவை அடக்கப் பல்லாண்டுகளாகப் பயன்படுத்திவரும் 7805 என்னும் மூன்று கால் ரெகுலேட்டர், ஏறத்தாழ 7 வோல்ட்டிலிருந்து 35 வோல்ட் வரை உள்ளே எது வந்தாலும் வெளியே 5 வோல்ட்டையே தருகிறது. விலை மலிவான இச்சிறு பொருளுக்குள், இந்தியத் தத்துவ மரபில் நூற்றாண்டுக் கணக்காக வாதிடப்பட்ட ஒரு கேள்வி செயல்வடிவில் அடங்கியிருக்கிறது: பிறவற்றை நிலைநிறுத்தும் ஒன்றை நிலைநிறுத்துவது எது, பிறவற்றை அளக்கும் ஒன்றை அளப்பது எது என்பதே அக்கேள்வி.

ரெகுலேட்டரின் உள்ளே, வெளியீட்டின் ஒரு பங்கை மின்தடைகள் பிரித்துக் கொடுக்க, அதை ஒப்பு மின்னழுத்தம் எனப்படும் மாறாத ஒரு சிறு மின்னழுத்தத்தோடு பிழைப்பெருக்கி என்னும் பகுதி ஒப்பிடுகிறது. இரண்டுக்கும் இடையே தோன்றும் வேறுபாட்டைப் பெருக்கி, மின்னோட்டத்தின் வழியில் நிற்கும் டிரான்சிஸ்டரை அது சற்றே திறக்கிறது அல்லது அடைக்கிறது. விளைவைத் தொடக்கத்துக்கே திருப்பிக் காட்டித் திருத்தும் இவ்வேற்பாட்டுக்கு எதிர்மறைப் பின்னூட்டம் என்று பெயர். பெல் ஆய்வகத்தின் ஹெரால்டு பிளாக் 1927இல் தொலைபேசிப் பெருக்கிகளுக்காக இதை வகுத்தார். 1943இல் ரோசன்புளூத், வீனர், பிகலோ ஆகிய மூவரும் எழுதிய கட்டுரை, நோக்கத்தோடு செயல்படுதல் என்பதையே இத்தகைய பின்னூட்டத்தால் விளக்க முற்பட்டது. அவ்விளக்கம் இலக்கை அடையும் முறையைத் தெளிவாக்கியது. இலக்கு எங்கிருந்து வந்தது என்னும் கடினமான பகுதியை அது தொடவில்லை.

பின்னூட்டச் சுற்று ஒப்பு மின்னழுத்தத்தைத் திருத்துவதில்லை. திருத்த அதற்கு வழியும் இல்லை. வெப்பத்தாலோ நாட்பட்ட தேய்வாலோ ஒப்பு மின்னழுத்தம் நூற்றில் ஒரு பங்கு விலகினால் வெளியீடும் நூற்றில் ஒரு பங்கு விலகும். விலகிய அந்த இடத்தையே சுற்று முன்னிருந்த அதே உறுதியோடு காத்து நிற்கும். உள்ளீடு ஏறியபோதும் சுமை கூடியபோதும் அசையாத அந்த வெளியீட்டை மட்டும் பார்ப்பவருக்கு, அது சரியான இடத்தில் நிற்கிறதா தவறான இடத்தில் நிற்கிறதா என்பது ஒருபோதும் தெரியவராது. அசையாமையும் சரியாயிருத்தலும் வெவ்வேறு பண்புகள். முன்னது சுற்றிலிருந்து வருவது, பின்னது ஒப்பிலிருந்து வருவது. சமய வாழ்வில் மன உறுதியைப் போற்றும் இடங்களில் இவ்வேறுபாடு பெரும்பாலும் மறக்கப்படுகிறது. ஒரு கொள்கையை இன்பத்திலும் துன்பத்திலும் விடாது பற்றி நிற்பவரின் உறுதி வணங்கத்தக்கதே; எனினும், பற்றிய கொள்கை உண்மை என்பதற்கு அவ்வுறுதி சான்றாகாது.

காட்சி, அனுமானம், சான்றோர் உரை முதலான அறிவு வழிகளைப் பிரமாணம் என்றும் அளவை என்றும் நூலோர் குறிப்பர். தமிழில் மணிமேகலையும் சிவஞான சித்தியாரும் அவற்றை வகுத்துக் காட்டுகின்றன. ஏறத்தாழ இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த பௌத்த ஆசிரியர் நாகார்ச்சுனர், விக்ரகவ்யாவர்த்தனீ என்னும் நூலில் இவ்வளவைகளின் அடித்தளத்தையே கேள்விக்கு உள்ளாக்கினார். பொருள்கள் அளவைகளால் நிறுவப்படுகின்றன என்றால் அளவைகள் எவற்றால் நிறுவப்படுகின்றன? வேறு அளவைகளால் என்றால் அதற்கு முடிவே இல்லை. எதனாலும் அல்ல என்றால் அளவையின்றி எதையும் ஏற்கலாகாது என்ற தொடக்க நிலை கைவிடப்படுகிறது. நெருப்பு பிறவற்றையும் தன்னையும் ஒருங்கே ஒளிர்விப்பது போல அளவையும் தன்னைத் தானே நிறுவிக்கொள்ளும் என்ற விடையையும் அவர் ஏற்கவில்லை.

தன்னைத் தானே அளக்கும் அளவை எத்தகைய விடையைத் தரும் என்பதை ஆர்டுயினோ பலகையில் நேரிலேயே காணலாம். அப்பலகைகள் பலவற்றில் உள்ள ஏடிமெகா 328 என்னும் சில்லு, தனக்குக் கொடுக்கப்படும் மின்னழுத்தத்தை 0 முதல் 1023 வரையுள்ள ஓர் எண்ணாக மாற்றித் தருகிறது. வழக்கமாக அது தன் மின்வழங்கலையே முழு அளவாகக் கொள்கிறது. அந்த மின்வழங்கலையே அதனிடம் அளக்கக் கொடுத்தால் விடை 1023 என்றே வரும். மின்வழங்கல் 5 வோல்ட்டாக இருந்தாலும் 4.5 வோல்ட்டாகத் தளர்ந்திருந்தாலும் விடை மாறாது. அவ்விடை பொய்யன்று, ஆனால் அதில் செய்தி எதுவும் இல்லை. இதைக் கொண்டு, அறிவின் உண்மைத்தன்மை அவ்வறிவிலேயே அமைந்தது என்னும் மீமாம்சகரின் கொள்கை வீழ்ந்ததாக முடிவுகட்டுவது நேர்மையாகாது. ஏழாம் நூற்றாண்டினராகக் கருதப்படும் மீமாம்சகர் குமாரிலபட்டர் கூறியது அறிவு தன்னைத் தானே சோதித்துக்கொள்கிறது என்பதன்று; எதிர்ச்சான்று எழும்வரை அறிவை ஏற்பதே இயல்பு, ஏற்பதற்கு முன்பே சான்று கேட்கத் தொடங்கினால் எதையும் ஏற்க இயலாது என்பதே. புதிதாக வாங்கிய மல்டிமீட்டர் காட்டும் எண்ணை நம்பி வேலையைத் தொடங்குபவர் செய்வதும் இதுவே. இரண்டு மீட்டர்கள் ஒரே வெளியீட்டை 4.93 என்றும் 5.06 என்றும் காட்டும்போதுதான் இந்நிலைப்பாடு போதாமற் போகிறது.

அந்த இடத்தில் உதவுவது நியாய மரபு. நியாய சூத்திரம் தராசை எடுத்துக்காட்டாகச் சொல்ல, அதன் உரையாசிரியர் வாத்ஸ்யாயனர் அதை விரித்துரைக்கிறார்: பொன்னை நிறுக்கும்போது தராசு அளவையாகவும் பொன் அளக்கப்படும் பொருளாகவும் இருக்கின்றன, எடை தெரிந்த அப்பொன்னைக் கொண்டு மற்றொரு தராசைச் சோதிக்கும்போது பொன் அளவையாகிறது, தராசு பொருளாகிறது. அளவையாயிருத்தல் ஒரு பொருளின் பிறவிக் குணமன்று, அது அந்தந்த வேளையில் ஏற்கும் பணி. ஏடிமெகா 328இல் இவ்விடமாற்றத்தை அப்படியே செய்துகாட்ட முடியும். அச்சில்லுக்குள் 1.1 வோல்ட் அளவிலான ஒப்பு மின்னழுத்தம் ஒன்று தனியே இருக்கிறது. பிறவற்றை அளப்பதற்கென அமைந்த அதனையே அளக்கப்படும் பொருளாக்கி, மின்வழங்கலை முழு அளவாக வைத்துப் பார்த்தால், மின்வழங்கல் 5 வோல்ட்டாக இருக்கும்போது சுமார் 225 என்றும் 4.5 வோல்ட்டாகத் தளரும்போது சுமார் 250 என்றும் எண் வருகிறது. தன்னைத் தானே அளந்தபோது ஊமையாயிருந்த சில்லு, ஒன்றை மற்றொன்றால் அளந்தவுடன் தன் தளர்ச்சியைத் தானே சொல்லிவிடுகிறது. ஆயினும் அந்த 1.1 வோல்ட் சில்லுக்குச் சில்லு 1.0 முதல் 1.2 வரை வேறுபடலாம் என்பதால், துல்லியம் வேண்டுவோர் அதை நம்பகமான ஒரு மீட்டரோடு ஒருமுறையேனும் ஒப்பிட்டாக வேண்டும். நாகார்ச்சுனரின் கேள்வி ஒரு படி தள்ளிப்போயிருக்கிறதே தவிர மறையவில்லை.

ஒப்பு மின்னழுத்தம் பிறக்கும் விதம் இக்கேள்வியை மேலும் ஆழமாக்குகிறது. மாறாத ஒன்றைத் தருவதற்கு மாறாத ஒரு பொருள் சில்லுக்குள் எங்கும் இல்லை. டிரான்சிஸ்டரின் ஒரு சந்தியில் நிற்கும் மின்னழுத்தம், வெப்பம் ஒரு டிகிரி ஏறும்போதெல்லாம் சுமார் 2 மில்லிவோல்ட் குறைகிறது; வெவ்வேறு மின்னோட்ட அடர்த்தியில் இயங்கும் இரு டிரான்சிஸ்டர்களின் சந்தி மின்னழுத்தங்களுக்கு இடையிலான வேறுபாடோ வெப்பத்தோடு சேர்ந்து ஏறுகிறது. ஏறுவதை வேண்டிய அளவு பெருக்கி இறங்குவதோடு கூட்டினால், இரண்டு நிலையாமைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்து, சுமார் 1.25 வோல்ட்டில் ஏறக்குறைய அசையாத ஒரு மதிப்பு கிடைக்கிறது. டேவிட் ஹில்பைபர் 1964இல் முன்வைத்த இவ்வெண்ணத்தை ராபர்ட் விட்லர் ரெகுலேட்டர் சில்லுக்குள் கொண்டுவந்து 1971இல் கட்டுரையாக வெளியிட்டார். இன்று கடைகளில் கிடைக்கும் எல்எம் 317 என்னும் ரெகுலேட்டரின் 1.25 வோல்ட் ஒப்பும் இவ்வகையைச் சேர்ந்ததே. தனக்கென நிலைத்த இயல்பு எதற்கும் இல்லை, யாவும் ஒன்றையொன்று சார்ந்தே தோன்றுகின்றன என்ற நாகார்ச்சுனரின் கோட்பாட்டுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை மின்னணுவியலில் காண்பது அரிது. ஆனால் இந்த எடுத்துக்காட்டு அவர் பக்கமே முழுவதும் சாய்ந்துவிடவில்லை. கூட்டுத்தொகை நிலைகொள்ளும் 1.25 வோல்ட், வடிவமைத்தவர் விரும்பித் தேர்ந்த எண்ணன்று. தனிச்சுழி வெப்பநிலைக்கு நீட்டிக் கணக்கிட்ட சிலிக்கனின் ஆற்றல் இடைவெளியை ஒட்டியே அது அமைகிறது. ஈடுசெய்தல் மனிதர் செய்த ஏற்பாடு, அது வந்து நிற்கும் இடமோ சிலிக்கனின் இயல்பு.

மீட்டரை மேலான மீட்டரோடும், அதை ஆய்வகத்தின் அளவுகோலோடும் ஒப்பிட்டுக்கொண்டே மேலேறினால், ஒரு காலத்தில் அவ்வரிசை 20 டிகிரி வெப்பத்தில் சுமார் 1.0186 வோல்ட் தந்த வெஸ்டன் மின்கலத்தில் முடிந்தது. இன்று அது ஜோசப்சன் சந்தியில் முடிகிறது. இரு மீக்கடத்திகளை மெல்லிய தடுப்பொன்றால் பிரித்து நுண்ணலையைச் செலுத்தும்போது, அலையின் அதிர்வெண்ணையும் தோன்றும் மின்னழுத்தத்தையும் இணைக்கும் விகிதம் எந்த உலோகத்தையும் எந்த நாட்டையும் பொறுத்ததன்று. பிளாங்கு மாறிலியையும் எலெக்ட்ரானின் மின்னூட்டத்தையும் மட்டுமே பொறுத்தது. அவ்விரு மாறிலிகளின் எண்மதிப்பு அளந்து காண்பதன்று, இவ்வளவு என்று உலக நாடுகள் கூடி வகுத்தது. முடிவில்லாப் பின்னோக்கம் இங்கே ஒரு தீர்மானத்தில் நிற்கிறது என்பதால் நாகார்ச்சுனர் வென்றார் என்று தோன்றலாம். ஆனால் நியாயத்தின் நிலையே இங்கு வலிமையானது. முதல் அளவை ஐயத்துக்கு அப்பாற்பட்டதாக இருக்க வேண்டும் என்று அம்மரபு கேட்கவில்லை. அளவையைக் கொண்டு தொடங்கிய செயல் பயன் தருகிறதா, ஐயம் எழும்போது அவ்வளவையைப் பொருளாக்கிச் சோதிக்க வழி உண்டா என்பவற்றையே கேட்டது. வகுக்கப்பட்ட வோல்ட் இவ்விரு கேள்விகளுக்கும் ஆம் என்றே விடை தருகிறது. 2019 மே 20 அன்று அம்மாறிலிகளின் மதிப்பு நிலைநிறுத்தப்பட்டபோது, 1990 முதல் உலகின் ஆய்வகங்கள் பயன்படுத்திவந்த வோல்ட்டும் சுமார் ஒரு கோடியில் ஒரு பங்கு திருத்தப்பட்டது.