கையெழுத்தும் கடனும்

மணவாழ்வு முறிந்தபின் குடும்பக் கடனை இறுக்கவேண்டியவர் யார்? கையெழுத்திட்டவரே என்கிறது கடன் பத்திரம். நீதி அத்துடன் நின்றுவிடலாமா என்று நாம் கேட்கிறோம்.

2009இல் போர் ஓய்ந்தபின் வடபுலக் கிராமங்களிற் பரவிய நுண்கடன் நிறுவனங்கள் பெரும்பாலும் பெண்களுக்கே கடன் கொடுத்தன. அயற்பெண்களை ஒருவருக்கொருவர் பிணையாக்கின. பணமோ கணவனின் வலைக்கும் பிள்ளைகளின் படிப்புக்கும் சென்றது. அவன் பிரிந்தால் வலை அவனோடு போகிறது. கடன் அவள் வாசலில் நிற்கிறது. 2018இல் வறட்சியுற்ற மாவட்டங்களிலே பெண்கள் பெற்ற, ஓரிலட்சம் ரூபாவுக்கு மேற்படாத நிலுவைக் கடன்களைத் தள்ளுபடி செய்ய அரசாங்கம் முன்வந்தது. அரசும் உணர்ந்த சுமையை உடனிருந்து உண்டவன் உணரவேண்டாமா?

1806இல் ஆங்கிலேயர் உறுதிசெய்த தேசவழமை, மணவாழ்விலே ஈட்டிய பொருளைத் 'தேடியதேட்டம்' என வகுத்து, இருவர்க்கும் அதிற் பங்குண்டு என்றது. தேட்டத்திற் பங்குண்டெனின் கடனிற் பங்கில்லையா?

கடன் கொடுத்தவனுக்குக் கையெழுத்துப் போதும். பிரியும் இருவருக்கிடையிலோ, பணம் எதற்குச் செலவாயிற்று என்பதே அளவுகோலாதல் வேண்டும். ஒருவர் தம் விருப்புக்கு அழித்தது அவர் கடன். அடுப்புக்கும் பிள்ளைக்கும் செலவானது இருவர் கடன். உறவு முறியலாம், உண்ட சோற்றின் கடன் முறிவதில்லை.