சேணத்தைக் கழற்றிய பிறகு

ஸ்பாஞ்சைத் தொட்டுப் பார்த்தேன். காய்ந்திருந்தது. அப்படியென்றால் நேற்று அவள் என் குதிரையைக் கழுவிவிடவில்லை. இதைக் கண்டுபிடிப்பதற்காக ஓர் அக்டோபர் காலையில், வேலைக்குப் போகும் வழியில் பன்னிரண்டு மைல் சுற்றிக்கொண்டு லாயத்துக்குப் போயிருந்தேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அன்று வெட்கம் இல்லை, துப்புத் துலக்கிவிட்ட திருப்திதான் இருந்தது.

இங்கிலாந்தில் குதிரை வைத்திருப்பவர்கள் எல்லாரும் பணக்காரர்கள் இல்லை. வாடகை லாயம், வைக்கோல், லாடம், மருத்துவர் என்று செலவும் நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் ஷேரர் வைத்துக்கொள்வார்கள். குதிரை உங்களுடையது. இன்னொருவர் வாரத்தில் சில நாள் வந்து சவாரி செய்வார், அன்றைய வேலைகளையும் பார்ப்பார், செலவில் ஒரு பங்கு தருவார். பெரும்பாலும் இரண்டு பக்கமும் பெண்கள்தான். என் ஷேரர் கல்லூரி மாணவி. செவ்வாய், வியாழன், சனி அவள் நாட்கள். வாரத்துக்கு 20 பவுண்டு தருவாள், மூன்று நாளும் சாணம் அள்ளுவாள். மற்ற நாட்கள் என்னுடையவை.

சவாரி முடிந்தவுடன் குதிரையைக் கட்டிவிட்டுப் போய்விட முடியாது. வயிற்று வாரைத் தளர்த்தி மூச்சு அடங்கும்வரை மெதுவாக நடத்த வேண்டும். ஓய்வில் இருக்கும் குதிரை நிமிடத்துக்கு 8 முதல் 16 முறை மூச்சு விடும், அந்தக் கணக்குக்கு அது திரும்புகிறதா என்று விலாவைப் பார்த்து எண்ண வேண்டும். சேணத்தை இறக்கியதும் அது இருந்த இடத்தை உள்ளங்கையால் தடவ வேண்டும். குதிரையின் வியர்வை நம்முடையதைவிட உப்பானது. அதிலுள்ள ஒரு புரதத்தால் சோப்பைப் போல நுரைக்கும். அது காய்ந்து மொறமொறத்துப்போன முதுகில் மறுநாள் சேணம் வைத்தால் உரசிப் புண்ணாகும். நான்கு குளம்புகளையும் தூக்கிக் கொக்கியால் மண்ணையும் கல்லையும் நோண்டி எடுக்க வேண்டும். கால்களில் எங்காவது சூடு இருக்கிறதா என்று பிடித்துப் பார்க்க வேண்டும். தண்ணீர், வைக்கோல், குளிரென்றால் போர்வை. கடைசியாகக் கடிவாள இரும்பைக் கழுவ வேண்டும்.

சரியாகச் செய்தால் முக்கால் மணி நேரம் ஆகும். யாரும் இதைப் படமெடுத்துப் போடுவதில்லை. விருந்தைப் புகழ்கிறவர்கள் அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பவளைப் பார்ப்பதில்லையே, அதே கதைதான். ஒரு வேலை கண்ணில் படாததாக இருக்கும்போதுதான் அதைச் செய்தார்களா என்ற சந்தேகம் வருகிறது.

எனக்குச் சந்தேகம் வந்தது ஒரு வியாழன் மாலை, சொல்லாமல் போனபோது. முதுகில் சேணத்தின் வடிவத்திலேயே வெள்ளை உப்பு பூத்திருந்தது. போர்வை இல்லை. முன்னங்கால் குளம்பின் பள்ளத்தில் புளியங்கொட்டை அளவு கல் ஒன்று இறுகிக் கிடந்தது. பத்து நாள் கழித்து அதே காலில் நொண்டினாள். குளம்புக்குள் சீழ். மருத்துவர் வந்து திறந்துவிட்டுக் கட்டுப் போட்டார். கல்லினால் வந்ததா என்று கேட்டேன். இருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். அந்த ‘இருக்கலாம்’ எனக்குப் போதுமானதாக இருந்தது.

அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொக்கியை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் தொங்கவிட்டு, மறுநாள் அசைந்திருக்கிறதா என்று பார்த்தேன். தூரிகையில் புது முடி இருக்கிறதா என்று பார்த்தேன். லாயத்தில் காமிரா வைக்க என்ன செலவாகும் என்று விசாரித்தேன்.

அப்போதுதான் அம்மாவின் ஐம்பது காசு நினைவுக்கு வந்தது. நான் பள்ளியில் படிக்கும்போது எங்கள் வீட்டில் வேலை செய்த அக்கா கட்டிலுக்கடியில் கூட்டுகிறாரா என்று தெரிந்துகொள்ள, அம்மா அங்கே ஒரு காசைப் போட்டுவைப்பார். காசு மேசைக்கு வந்தால் கூட்டியாயிற்று, காணாமல் போனால் திருட்டு, அங்கேயே கிடந்தால் சோம்பல். ஒரே காசில் மூன்று பரீட்சை. ஒருநாள் அந்த அக்கா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே கேட்டார்: “என்னம்மா, இன்னைக்குக் காசு போட மறந்துட்டீங்களா?” அம்மா அடுப்படிக்குள் போய்விட்டார். வீடு முழுவதையும் அவர் பொறுப்பில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்வந்த அம்மா, அவரை ஒருநாளும் நம்பியதில்லை என்பது அவருக்கு எத்தனை நாளாகத் தெரிந்திருந்ததோ.

தத்துவவாதி ஆனெட் பையர் 1986இல் நம்பிக்கை பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதுவரை அறவியல் அதிகம் பேசியது ஒப்பந்தங்களையும் வாக்குறுதிகளையும் பற்றி, அதாவது சமமான ஆண்கள் கைகுலுக்கிக்கொள்ளும் உலகத்தைப் பற்றி. குழந்தையையோ நோயாளியையோ இன்னொருவர் கையில் விட்டுச் செல்கிறவர்களின் உலகம் அதில் இல்லை. நம்புவது என்றால் நமக்கு முக்கியமான ஒன்றை இன்னொருவர் பொறுப்பில் விட்டு, எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதில் அவருக்குக் கொஞ்சம் சுதந்திரத்தையும் தருவது என்கிறார் பையர். அவர் ஒரு சோதனையும் சொல்கிறார்: இந்த உறவில் நான் உன்னுடைய எதைச் சார்ந்திருக்கிறேன் என்பது உனக்குத் தெரியவந்தால் உறவு தாங்குமா? நம்பிக்கை மற்றவரின் பயத்தின் மேலோ அறியாமையின் மேலோ நின்றால், உண்மை தெரிந்த அன்றே விழுந்துவிடும். ஐம்பது காசு அந்தச் சோதனையில் தோற்றது.

என்னுடையதும் தோற்கத்தான் செய்யும். குறைந்த காசில் வேறெங்கும் அவளுக்குக் குதிரை கிடைக்காது, அதனால் ஒழுங்காக நடந்துகொள்வாள் என்பதுதான் நான் சார்ந்திருந்தது. அதற்கு நம்பிக்கை என்று பெயர் வைத்திருந்தேன்.

ஆனால் குதிரை சாணம் பட்ட தரை இல்லை. இங்கேதான் அம்மாவின் கதை எனக்கு உதவாமல் போகிறது. கட்டிலுக்கடியில் தூசி கிடந்தால் தூசிக்கு வலிக்காது. குதிரையோ வேட்டையாடப்பட்ட இனம், வலியை மறைக்கப் பழகிய உடம்பு. கல்லோடு நின்றவள் கனைக்கவில்லை. இங்கிலாந்துச் சட்டமும் விடுவதில்லை: 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி, யார் பார்த்துக்கொண்டாலும் உரிமையாளரின் பொறுப்பு எப்போதும் நீங்காது. இரண்டு பெண்களின் நாகரிகத்துக்காக மூன்றாவது ஒரு ஜீவன் நொண்ட வேண்டுமா? அதனால் சோதிப்பதே தவறு என்று நான் சொல்லவரவில்லை. ஒளிந்துகொண்டு சோதித்தேனே, அதுதான் உறுத்துகிறது.

ஆனா சூவல் 1877இல் எழுதிய ‘பிளாக் பியூட்டி’யில் இதே இடம் வருகிறது. மருத்துவரை அழைத்துவர இரவில் ஓடிக் களைத்த குதிரைக்கு, தனியாக இருந்த சிறுவன் ஜோ போர்வை போடாமல், வாளி நிறையக் குளிர்ந்த தண்ணீர் வைக்கிறான். நல்லது செய்வதாகவே நினைக்கிறான். குதிரை சாகக் கிடக்கிறது. லாயக்காரர் ஜானுக்கு ஆறவே இல்லை, தெரியாமல் செய்தேன் என்பது அவரிடம் செல்லாது. பதினான்கு வயதில் கணுக்கால் அடிபட்டு, பிறகு வாழ்நாளெல்லாம் குதிரை வண்டிகளை நம்பியே நடமாடிய சூவல், கடைசி ஆண்டுகளில் படுக்கையிலிருந்தபடி எழுதிய நாவல் இது. அதைப் படித்தபோதெல்லாம் நான் ஜான் பக்கம்தான் நின்றேன். ஜோ போன்றவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டதில்லை.

நொண்டல் சரியான பிறகு ஒருவழியாக அவளிடம் பேசினேன். கல்லைப் பற்றிச் சொன்னதும் முகம் வெளுத்துவிட்டது. அன்று ஒரு மணி நேரம் பிந்தி வந்திருக்கிறாள். 5.40 பேருந்தை விட்டால் மாலை வேலைக்குப் போக முடியாது. சவாரியைக் குறைத்திருக்கலாம், குறைக்கவில்லை, பின்வேலையைக் குறைத்தாள். அதை ஒத்துக்கொண்டாள். நானாக இருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேனா தெரியாது. காரில் வந்துபோகிற எனக்கு அந்தப் பேருந்து இருப்பதே அதுவரை தெரியாது.

பிறகு அவள் முறை. சூடான குதிரைமேல் குளிர்ந்த தண்ணீர் ஊற்றக் கூடாது, ஊற்றினால் உடனே வழித்துவிட வேண்டும் என்று முதல் நாளே சொல்லிக்கொடுத்திருந்தேன். எனக்குச் சொன்னவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். அது பழைய நம்பிக்கை என்றாள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் வெயிலுக்காக நடந்த ஆய்வுகளிலேயே குளிர்ந்த நீர் கெடுதல் இல்லை என்று தெரிந்துவிட்டதாம். வழிக்கக்கூட வேண்டாம், விடாமல் ஊற்றிக்கொண்டே இருந்தால் போதுமாம். வீட்டுக்கு வந்து படித்துப் பார்த்தேன். அவள் சொன்னது சரி. கோடை முழுவதும் என் தவறான முறையை, எனக்காக, வாய் திறக்காமல் செய்திருக்கிறாள். “ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டதற்கு, “குதிரை உங்களுடையது” என்றாள்.

அந்த பதிலை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கீழ்ப்படிதலை நான் நம்பகத்தன்மை என்று எடுத்துக்கொண்டேன். சொன்னபடி செய்பவளைத்தான் வேண்டியிருந்தது, பார்த்துக்கொள்பவளை இல்லை. இந்தக் குழப்பம் குதிரை லாயத்தில் தொடங்கியதில்லை. ஆயாவிடம் குழந்தையை விடும்போதும், தாதியிடம் மாமியாரை விடும்போதும் இதையேதான் கேட்கிறோம்: எல்லாம் நீ செய், முடிவெல்லாம் நான் எடுக்கிறேன்.

கொக்கியை இப்போது கோணம் பார்த்துத் தொங்கவிடுவதில்லை. அவள் நாட்களில் நேரம் இல்லையென்றால் சவாரியை விட்டுவிட வேண்டும், அன்றைக்குப் பங்குத் தொகை கிடையாது என்று பேசிக்கொண்டோம். சேண அறைச் சுவரில் ஒரு பலகை மாட்டினோம். யார் வந்தாலும் என்ன பார்த்தோம், எதைச் செய்ய முடியவில்லை என்று எழுத வேண்டும், நானும் எழுத வேண்டும் என்பது அவளுடைய நிபந்தனை. அது கண்காணிப்பா, பேச்சா என்று என் தோழி கேட்டாள். நாளுக்கு நாள் மாறுகிறது.

போன செவ்வாய் பலகையில் அவள் கையெழுத்து இருந்தது: “கடிவாள இரும்பில் மென்ற புல் காய்ந்து ஒட்டியிருந்தது. முந்தின நாள் கழுவவில்லை போல. கழுவிவிட்டேன்.”

முந்தின நாள், திங்கட்கிழமை, என்னுடையது.