காலை எடுத்தால் நகரும் வண்டி

கொச்சி மட்டாஞ்சேரியின் பஜார் ரோட்டில் கார் ஓட்டுகிறவருக்கு வேலை பெரும்பாலும் பிரேக்கில்தான். காயலை ஒட்டிய பழைய கிடங்குகள், மூட்டை ஏற்றும் லாரிகள், குறுக்கே புகும் ஆட்டோக்கள், வேடிக்கை பார்த்தபடி நடக்கும் வெளிநாட்டார். ஆட்டோமேட்டிக் வண்டிக்காரர் லீவரை 'டி'யில் (டிரைவ்) வைத்துவிட்டு பிரேக்கிலிருந்து காலைச் சற்றே எடுக்கிறார். ஆக்சிலரேட்டரைத் தொடாமலே வண்டி ஊர்கிறது. பின்னால் வரும் மேனுவல் வண்டிக்காரர் முதல் கியரில் ஹாஃப் கிளட்ச் பிடித்து, விட்டு, மறுபடி பிடித்து நகர்த்துகிறார். இரண்டு வண்டிகளும் ஒரே வேகத்தில்தான் போகின்றன. ஆனால் ஒருவர் ஒன்றைச் செய்து நகர்கிறார். மற்றவர் செய்துகொண்டிருந்ததை நிறுத்தி நகர்கிறார்.

இதை டிரைவிங் ஸ்கூல் சமாசாரம் என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் எது என் செயல், எது எந்திரத்தின் செயல், என் செயல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்று கேட்கத் தொடங்கினால், சமயங்கள் நெடுங்காலமாக மல்லுக்கட்டும் கேள்வியில் போய் நிற்போம். அந்தக் கேள்வியை மிகக் கறாராகக் கேட்ட ஒரு மரபின் ஆலயம் பஜார் ரோட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் இருக்கிறது.

மட்டாஞ்சேரி அரண்மனையை ஒட்டி 1568-ல் கட்டப்பட்டது பரதேசி யூத ஆலயம். 1662-ல் போர்ச்சுகீசியரால் சேதமடைந்து, டச்சுக்காரர்கள் கொச்சியைப் பிடித்த பிறகு மீண்டும் எழுந்தது. உள்ளே சீனாவிலிருந்து வந்த, கையால் வரையப்பட்ட நீல வெள்ளைத் தரை ஓடுகள். சனிக்கிழமை அங்கே சுற்றுலாப் பயணிகளுக்கு இடமில்லை. அன்று சப்பாத்: வெள்ளி மாலை சூரியன் சாய்வதிலிருந்து சனி இரவு விண்மீன்கள் தோன்றும்வரை ஓய்வு நாள். யூதச் சட்டம் அன்று விலக்க வேண்டிய வேலைகளை 39 வகைகளாகப் பிரிக்கிறது. அவற்றில் ஒன்று தீ மூட்டுதல்.

நான்கு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும்போது அதற்குள் 4,000 தீப்பொறிகள் விழுகின்றன. ஆகவே ஆர்த்தடாக்ஸ் யூதர்கள் சப்பாத்தில் கார் ஓட்டுவதில்லை. கியர் எந்த வகை என்றாலும் ஓட்டுவதில்லை. ஓர் உயிர் ஆபத்தில் இருந்தால் மட்டும் அதே சட்டம் ஓட்டச் சொல்லிக் கட்டளையிடுகிறது. 1950-ல் அமெரிக்காவில் கன்சர்வேட்டிவ் யூதப் பிரிவின் சட்டக் குழு, ஆலயத்திலிருந்து தொலைவில் குடியிருப்போர் வழிபாட்டுக்கு வருவதற்காக ஓட்டலாம் என்று தீர்ப்பளித்தது. ஆர்த்தடாக்ஸ் தரப்பு அதை இன்றுவரை ஏற்கவில்லை. மட்டாஞ்சேரியில் அப்படி ஒரு தீர்ப்புக்கு அவசியமே நேரவில்லை. யூதர் தெருவின் வீடுகள் ஆலயத்தை நோக்கி வரிசையாக நிற்கின்றன. எல்லோருக்கும் அது நடைதூரம். ஓட்டக் கூடாது என்ற விதியோடு ஒத்துவாழ்ந்த தெரு அது. கொச்சின் எலக்ட்ரிக் கம்பெனியை நடத்திய சாமுவேல் கோடரும் இந்தச் சமூகத்தவர்தான். ஊருக்கெல்லாம் மின்சாரம் தந்தவரின் மதத்தில், ஓய்வு நாளன்று சுவிட்சைத் தொடலாமா என்பது பெரிய விவாதம்.

இஸ்ரேல் உருவான பிறகு பெரும்பாலோர் அங்கே போய்விட்டார்கள். பொது வழிபாட்டுக்குத் தேவையான பத்து ஆண்கள் சேர்வதே அரிதானது. 2024 ஆகஸ்ட்டில் குவீனி ஹாலெகுவா காலமானபோது, மட்டாஞ்சேரியின் பரதேசி யூதர்களில் கடைசிப் பெண்மணி மறைந்தார் என்று செய்தித்தாள்கள் எழுதின. தெரு இருக்கிறது, அந்தச் சட்டத்தோடு வாழ்ந்தவர்கள் ஏறக்குறைய இல்லை. அவர்களுடைய சட்டம் கூர்தீட்டி வைத்த சிந்தனை மட்டும், கார் ஓட்டும் எல்லா மதத்தவருக்கும் இன்று உதவக்கூடியதாக இருக்கிறது.

யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தால்மூதில் ரபி ஷிமோன் ஒரு விதி சொல்கிறார். ஒருவர் பெஞ்சை மண் தரையில் இழுத்துக்கொண்டு போகிறார். தரையில் பள்ளம் விழக்கூடும். பள்ளம் தோண்டுவது விலக்கப்பட்ட வேலை. ஆனால் அவர் நோக்கம் பெஞ்சை நகர்த்துவது. பள்ளம் விழலாம், விழாமலும் போகலாம். ஆகவே இழுக்கலாம். இந்தச் சலுகைக்கு தால்மூதே ஒரு வரம்பு வைக்கிறது. கோழியின் தலையை வெட்டிவிட்டு, அது சாக வேண்டும் என்று தாம் நினைக்கவில்லை என்று ஒருவர் சொன்னால் எடுபடாது. தவிர்க்கவே முடியாமல் நேரும் விளைவை, 'நினைக்கவில்லை' என்று சொல்லித் தள்ளிவிட முடியாது. அது செய்தவர் கணக்கில்தான் சேரும்.

ஆட்டோமேட்டிக் காரில் 'டி' போட்டு பிரேக்கை விடுவது இந்த இரண்டாவது வகை. எஞ்சினுக்கும் கியர்ப்பெட்டிக்கும் நடுவே இருக்கும் டார்க் கன்வெர்ட்டரில் எண்ணெய் சுழல்கிறது. எஞ்சின் சும்மா ஓடும்போதும் அந்த எண்ணெய் சக்கரங்களை மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்கிறது. தள்ளலைத் தடுத்து நிறுத்துவது பிரேக்கில் இருக்கும் கால் ஒன்றுதான். கால் எழுந்தால் சமதளத்தில் வண்டி நகராமல் இருக்க வழியில்லை. 'நான் ஒன்றும் பண்ணலை, அதுவா போச்சு' என்று சொல்பவர் கோழிக்காரரின் வாதத்தைத்தான் சொல்கிறார்.

இந்த நுணுக்கம் வெறும் ஏட்டுச் சர்க்கரையாக நின்றுவிடவில்லை. இஸ்ரேலில் 2001-ல் சப்பாத் லிஃப்ட்டுக்கென்று சட்டமே வந்தது. பொத்தான் அழுத்தாமல், ஒவ்வொரு மாடியிலும் தானே நின்று போகும் லிஃப்ட் அது. அதிலும் ரபி லெவி யிட்சாக் ஹால்பெரின் ஒரு சிக்கலைக் கண்டார். மேலே ஏறும்போது மோட்டார் தூக்குகிறது. கீழே இறங்கும்போது பயணியின் எடையும் சேர்ந்து லிஃப்ட்டை இழுக்கிறது. அப்படியானால் சும்மா நிற்கும் பயணியும் அந்த வேலையில் பங்காளி. படிக்கிறவருக்கு முதலில் இது மிகை என்று தோன்றலாம். மலைப்பாதையில் வண்டி இறக்கியவருக்குத் தோன்றாது. எடை வேலை செய்யும் என்பது அவர் கால் அறிந்த விஷயம்.

தமிழ் வாசகருக்கு இங்கே வைணவத்தின் குரங்குக்குட்டியும் பூனைக்குட்டியும் நினைவுக்கு வருவது இயல்பு. தாயைத் தானே பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி வடகலைக்கு. தாய் வாயில் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி தென்கலைக்கு. மேனுவல் அது, ஆட்டோமேட்டிக் இது என்று பொருத்திவிடலாம்போல இருக்கும். பொருந்தாது. தென்கலையார் சொல்லும் சரணாகதி, குட்டியின் மேல் பரிவுள்ள ஒருத்தியிடம் அடைவது. கியர்ப்பெட்டிக்குப் பரிவு கிடையாது. எதிரே குழந்தை வந்தாலும் சுவர் வந்தாலும் எண்ணெய் ஒரே மாதிரிதான் தள்ளும். பரிவுள்ளவரிடம் விட வேண்டியதைப் பரிவில்லாத பொருளிடம் விடுவதற்குச் சரணாகதி என்று பெயர் சூட்டக் கூடாது.

இன்னும் நெருக்கமான விளக்கம் எர்ணாகுளம் மாவட்டத்துக்குள்ளேயே, பெரியாற்றங்கரையில் இருக்கும் காலடியில் பிறந்தவரிடம் கிடைக்கிறது. கீதையின் 4-ஆம் அத்தியாயம், 18-ஆம் சுலோகத்துக்கு ஆதிசங்கரர் எழுதிய உரையில் ஓர் ஓடம் வருகிறது. ஓடத்தில் போகிறவனுக்குக் கரையில் நிற்கும் மரங்கள் பின்னோக்கி ஓடுவதுபோலத் தெரிகின்றன. அசையாததில் அசைவைக் காண்கிறான். வெகுதொலைவில் நகரும் பொருளோ அவனுக்கு நிற்பதுபோலத் தெரிகிறது. செயலையும் செயலின்மையையும் மனிதர்கள் இப்படித்தான் மாற்றிப் பார்க்கிறார்கள் என்கிறார் சங்கரர். கூடவே, எதுவும் செய்யாமல் சுகமாக இருக்கிறேன் என்று ஒருவன் எண்ணி உட்கார்ந்திருப்பதும், 'நான்' என்ற எண்ணம் அதில் இருப்பதால் செயலோடு சேர்ந்ததே என்றும் காட்டுகிறார். அவர் பேசுவது ஆன்மாவைப் பற்றி. போக்குவரத்தைப் பற்றி அல்ல. ஆனாலும் சிக்னலில் 'டி'யில் நின்றபடி போனைப் பார்க்கிறவரின் நிலையை இதைவிடத் துல்லியமாக யாரும் சொல்லிவிட முடியாது. அவர் சும்மா இருப்பதாக நினைக்கிறார். வண்டியைப் பொறுத்தவரை, அவருடைய வலது கால் இடைவிடாமல் ஒரு வேலை செய்துகொண்டிருக்கிறது.

அந்தக் கால் பிசகினால் என்ன ஆகும் என்பதற்குப் பதிவுகள் உண்டு. 1980-களில் அமெரிக்காவில் ஆடி 5000 கார்கள் தாமாகவே பாய்வதாகப் புகார்கள் குவிந்தன. 1986-ல் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று அதைப் பெரிய விவகாரமாக்கியது. 1989-ல் அரசின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு ஆராய்ந்து, பெரும்பாலும் பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்ததுதான் காரணம் என்று முடிவு சொன்னது. மிதித்தவர்கள் பொய் சொல்லவில்லை. பிரேக்கைத்தான் மிதித்தோம் என்று மனதார நம்பினார்கள். இன்று பிரேக்கை மிதிக்காமல் லீவர் 'பி'யிலிருந்து (பார்க்) வராதபடி இருக்கும் பூட்டு, அந்த விவகாரத்துக்குப் பிறகுதான் பரவலானது.

2016 ஜூனில் நேர்ந்தது இன்னும் கனமானது. நடிகர் ஆன்டன் யெல்ச்சின், கலிஃபோர்னியாவில் தன் வீட்டு வாசலின் சரிவில் உருண்டு வந்த அவருடைய ஜீப்பாலேயே நசுங்கி இறந்தார். அந்த மாதிரி ஜீப்பின் கியர் லீவர், எந்த நிலைக்குத் தள்ளினாலும் மறுபடி நடுவுக்கே திரும்பி வந்துவிடும். 'பி' விழுந்ததா இல்லையா என்று கைக்குத் தெரியாது. அந்தக் குழப்பத்துக்காக அதற்கு இரண்டு மாதம் முன்புதான் சுமார் 11 லட்சம் வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டிருந்தன. இங்கே முழுப் பழியையும் ஓட்டியவர் தலையில் போடுவது அநியாயம். ஒரு செயல் நடந்ததா என்பதை மனிதனுக்கு உணர்த்தாத கருவியைச் செய்தவர்களுக்கும் அதில் பங்கு உண்டு.

இந்தப் பின்னணியில்தான் கேரளத்தின் லைசென்ஸ் சர்ச்சையைப் பார்க்க வேண்டும். 2024 பிப்ரவரியில் மாநிலப் போக்குவரத்து ஆணையர் வெளியிட்ட சுற்றறிக்கை, கார் டெஸ்டுக்கு ஆட்டோமேட்டிக், எலக்ட்ரிக் வண்டிகளைக் கொண்டுவரக் கூடாது என்றது. டிரைவிங் ஸ்கூல்காரர்கள் போராட்டத்தில் இறங்கினார்கள். விவகாரம் உயர் நீதிமன்றம்வரை போனது. பிரிட்டனில் வேறு ஏற்பாடு: ஆட்டோமேட்டிக்கில் தேறியவர் ஆட்டோமேட்டிக் மட்டும்தான் ஓட்டலாம், மேனுவலில் தேறியவர் இரண்டையும் ஓட்டலாம். இரண்டு ஏற்பாடுகளும் ஒரே நம்பிக்கையில் பிறந்தவை. கையும் இடது காலும் அதிகம் வேலை செய்தால் அது பெரிய திறமை. மேனுவல் தெரிந்தவனுக்கு ஆட்டோமேட்டிக் தானாக வந்துவிடும். இது பாதிதான் உண்மை. இருபது வருடம் மேனுவல் ஓட்டியவர் முதல் நாள் ஆட்டோமேட்டிக்கில் உட்கார்ந்து, பழக்கத்தில் கிளட்ச் என்று இடது காலால் பிரேக்கை ஓங்கி மிதிப்பதைப் பார்த்தவர்களுக்கு மீதிப் பாதி தெரியும். அவருக்கு ஒரு புது வித்தை கற்றுத்தர வேண்டியதில்லை. தான் எதுவும் செய்யாதபோது வண்டி என்ன செய்யும் என்று யாராவது சொல்லித்தர வேண்டும்.

அதைச் சொல்லித்தருவது கடினமும் இல்லை. ஆட்டோமேட்டிக்கில் இரண்டு பெடலுக்கும் வலது கால் ஒன்றே. இடது கால் ஓய்வில். வண்டி முழுக்க நிற்கும் முன் 'ஆர்' (ரிவர்ஸ்), 'பி' பக்கம் லீவர் போகக் கூடாது. 'பி' என்பது கியர்ப்பெட்டிக்குள் ஒரு பல்லிடுக்கில் விழும் சிறு கொக்கி, அவ்வளவுதான். சரிவில் வண்டியின் எடை முழுதையும் அதன்மேல் ஏற்றக் கூடாது. பிரேக்கை மிதித்தபடி 'என்' (நியூட்ரல்) போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, வண்டி அதில் தாங்கி நின்ற பிறகே 'பி'. நெடுநேர சிக்னலில் 'என்' போட்டு ஹேண்ட் பிரேக் இழுப்பது, கவனம் சிதறினாலும் காப்பாற்றும். மேனுவலில் இடது காலைக் கிளட்ச்மேல் சும்மா வைத்திருப்பதுதான் பெரிய குற்றம். ஓட்டுபவர் உணராமலே பிளேட் தேய்கிறது. 2014-ல் மாருதி செலேரியோ மூலம் இந்தியாவில் பரவிய ஏஎம்டி வகையில், கிளட்ச்சை மிதிப்பது எந்திரக் கை என்றாலும் கிளட்ச் என்னவோ மேனுவலுடையதேதான். மேட்டில் ஆக்சிலரேட்டரைக் கொடுத்தே வண்டியை நிறுத்தி வைத்தால் அதுவும் கருகும். பல ஏஎம்டி கார்களில் 'பி' என்ற நிலையே கிடையாது.

கொச்சிக்காரர்கள் விடுமுறைக்குப் போகும் மூணாறிலிருந்து அடிமாலி நோக்கி இறங்கும்போது விஷயம் இன்னும் தெளிவாகிறது. மேனுவல்காரர் இரண்டாவது கியருக்கு வந்து எஞ்சினே வேகத்தைப் பிடிக்கும்படி விடுகிறார். ஆட்டோமேட்டிக்காரர் 'எல்' அல்லது '2' என்ற தாழ்ந்த கியருக்கு மாற வேண்டும், பலர் மாறுவதில்லை. 'டி' பார்த்துக்கொள்ளும் என்று பிரேக்கிலேயே இறங்குகிறார்கள். பிரேக் சூடேறிப் பிடிப்பு தளர்கிறது. பெட்ரோல் மிச்சம் என்று 'என்'னில் உருட்டுபவர்கள் அதைவிடப் பெரிய ஆபத்தை விலைக்கு வாங்குகிறார்கள். ஹால்பெரின் லிஃப்ட்டில் கண்ட எடையின் கணக்கு இங்கே ஒரு டன்னுக்கு மேல்.

எலக்ட்ரிக் கார் இந்தக் கேள்வியைத் தலைகீழாகத் திருப்பிவிட்டது. அதில் மாற்ற கியர் இல்லை, ஒரே பல்விகிதம்தான். பல மாடல்களில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்த மாத்திரத்தில் மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கிறது. பிரேக் விளக்கும் தானே எரிகிறது. பழைய ஆட்டோமேட்டிக்கில் காலை எடுத்தால் வண்டி ஊரும். இதில் நிற்கப் பார்க்கும். இரண்டும் ஒரே வீட்டு வாசலில் நிற்கும் காலம் வந்துவிட்டது. காலையில் ஒன்றையும் மாலையில் ஒன்றையும் எடுக்கும் கால், எந்த வண்டியில் எது தன் செயல் என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பழக்கமில்லாத வண்டியின் சாவியை வாங்கும் எவரும் ரோட்டில் இறங்குமுன் காலியிடத்தில் ஒரு சோதனை செய்யலாம். பிரேக்கை முழுக்க மிதித்து, 'டி' போட்டு, காலை மெல்ல எடுத்து, வண்டி தானாக என்ன செய்கிறது என்று பார்ப்பது. ஒரு நிமிடம்கூட ஆகாது.