எடை குறைந்த வெள்ளி ரூபாய்

பாட்டியின் பெட்டியில் கிடைத்த ஐந்தாம் ஜார்ஜ் வெள்ளி ரூபாயை நகைக்கடைத் தராசில் வைக்கிறீர்கள். 11.66 கிராம் இருக்க வேண்டும், 11.45 காட்டுகிறது. உடனே போலி என்று முடிவுகட்ட வேண்டாம். குறைந்த வெள்ளி எங்கே போனது என்று முதலில் கேளுங்கள்.

11.66 கிராம் என்பது 180 கிரெயின், ஒரு தோலா. 1835-இல் கிழக்கிந்தியக் கம்பெனி வகுத்த ரூபாய்க்கு இதுதான் எடை. அதில் 12-இல் 11 பங்கு வெள்ளி.

அக்கசாலையிலேயே சிறு வித்தியாசம் உண்டு. 1906-ஆம் ஆண்டு நாணயச் சட்டம் ரூபாய்க்கு அரை சதவீதம் கூடக்குறைய இருக்க அனுமதித்தது. ஆக, புத்தம்புதுக் காசே 11.60 கிராம் இருந்திருக்கலாம்.

அடுத்தது தேய்மானம். கை மாற மாற, மேடான இடங்கள்தான் முதலில் மழுங்கும்: கிரீடம், புருவம், காது. இயல்பான தேய்மானத்தில் 2 சதவீதம் வரை குறைந்தாலும் ரூபாய் முழு மதிப்புக்குச் செல்லும் என்றது அதே சட்டம். அந்த எல்லை ஏறக்குறைய 11.43 கிராம், உங்கள் காசு தப்பிவிட்டது. முன்பு வங்காளத்தில் புழங்கிய சிக்கா ரூபாய்க்கு இந்தச் சலுகை இல்லை. அடித்து ஓராண்டு கடந்தால் 3 சதவீதமும், அடுத்த ஆண்டு 5 சதவீதமும் வட்டமாக, அதாவது கழிவாக, பிடித்துக்கொண்டார்கள். தேய்மானத்தைத் தராசு சொல்லவில்லை, காசில் பொறித்த ஆண்டு சொன்னது.

மூன்றாவது திருட்டு. விளிம்பை அராவுவார்கள், சீவுவார்கள்; தோல் பையில் காசுகளைப் போட்டுக் குலுக்கி, உதிரும் பொடியைச் சேர்ப்பார்கள். விளிம்பைச் சுற்றி வரிவரியாக வெட்டியிருப்பது அழகுக்காக மட்டுமல்ல. எங்கே அராவினாலும் அங்கே வரி அழிந்து காட்டிக்கொடுத்துவிடும். தேய்மானம் காசு முழுக்கப் பரவியிருக்கும். அரம் பட்டது ஓரிடத்தில் தெரியும். கழுத்தில் கோக்கத் துளையிட்ட காசும் எடை குறையும். வளையம் பற்றவைத்ததோ கூடும்.

அதே சமயம், எடை சரியாக இருப்பதும் நற்சான்று அல்ல. 1940-இல் அரசே ரூபாயின் எடையில் பாதி மட்டுமே வெள்ளி என்று குறைத்தது. எடையோ அதே 11.66. தராசுக்கு அந்தக் குறை தெரியாது.

கடைசியாக ஒன்று. பழைய காசைத் திருநீறு போட்டுப் பளபளவென்று தேய்க்காதீர்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் கொஞ்சம் வெள்ளி உங்கள் துணியோடு போகிறது.