ஏற்போர் கடன்

ஈதல் அறம் என்பதில் எவர்க்கும் ஐயமில்லை. ஆயின், ஏற்பதற்கும் ஓர் அறம் உண்டா? கட்டற்ற மென்பொருள் இயக்கம் இவ்வினாவைப் புதியதொரு வடிவில் எழுப்பியுள்ளது.

ரிச்சட் ஸ்டால்மன் 1983இல் 'குனு' திட்டத்தை அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தோன்றியது. மென்பொருளை இயக்கவும், ஆராய்ந்து மாற்றவும், படியெடுத்துப் பகிரவும், திருத்தியதைப் பிறர்க்கு வழங்கவும் பயன்படுத்துவோர்க்கு உரிமை வேண்டும் என்பதே அவ்வியக்கத்தின் கொள்கை. இத்தகைய பணிகள் பல நன்கொடையால் வாழ்பவை. அந்நன்கொடை பெரும்பாலும் இணையவழி வருவது. முரண்பாடு இங்கேதான் தோன்றுகின்றது. கொடையளிக்கும் பக்கத்தைத் திறந்ததும், பணம் பெற்றுத்தரும் நிறுவனத்தின் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் கொடையாளியின் கணினியில் இறங்கி இயங்குகின்றது. அந்நிரலை ஆராயவோ மாற்றவோ அவருக்கு உரிமை இல்லை. சுதந்திரத்துக்கென ஈபவர், ஈயும் அக்கணத்திலேயே தம் சுதந்திரத்தில் ஒரு பகுதியை இழக்கின்றார்.

மட்டக்களப்பு வாவியின் மேற்கே, படுவான்கரையில், வயல் சூழ்ந்த வெல்லாவெளியை எண்ணிப் பார்ப்போம். சூடடித்து முடித்த வேளாண்மைக்காரர் ஒருவர் கோயிலுக்கு நெல் கொண்டு செல்கின்றார். வாசலில் நிற்பவர், "முதலில் உமது வீட்டுத் திறப்பைத் தாரும், பின்னர் நெல்லை அளக்கலாம்" என்றால் ஊர் பொறுக்குமா?

"பணமின்றேல் பணியே நின்றுவிடும், சிறு விட்டுக்கொடுப்பால் பெருநன்மை விளையுமாயின் தவறென்ன?" என்பர் சிலர். இவ்வாதம் எளிதில் தள்ளத்தக்கதன்று. குனு திட்டமே தொடக்கத்தில் தனியுடைமையான யுனிக்ஸின்மீதுதான் ஆக்கப்பட்டது. ஆயின், அன்று விட்டுக்கொடுத்தவர்கள் ஆக்கியோரே. இழந்தது தமது சுதந்திரத்தையே. இன்றோ ஏற்போரின் தேவைக்காக இழப்பவர் கொடையாளி. அதுவும் பெரும்பாலும் அறியாமல். தன் உரிமையை ஒருவன் துறக்கலாம். பிறர் உரிமையைத் துறக்க அவனுக்கு அதிகாரம் ஏது?

எனவே, ஏற்போர்க்குக் கடமைகள் இரண்டு. காசோலை, வங்கி மாற்று, தனியுடைமை நிரல் வேண்டாத இணையப் படிவம் ஆகியவற்றுள் ஒன்றையேனும் திறந்து வைத்தல் முதலாவது. ஏனைய வழிகளின் இயல்பை மறையாது உரைத்தல் இரண்டாவது. ஈவோர் அடையாளத்தை மறைத்து, பெறுவோர் வருவாயை மறையாது காட்டும் 'குனு டேலர்' என்னும் கட்டற்ற கட்டண முறையும் ஆக்கப்பட்டுள்ளது. ஆனால், வங்கிகள் ஒத்துழைத்தாலன்றி அது பரவாது. அதுவரை நேரிய வழி ஒடுங்கியதாகவே இருக்கும், வருவாயும் குறையலாம். அக்குறைவைத் தாமே தாங்குதல் ஏற்போர் கடன். அதனை ஈவோர் தலையில் ஏற்றுதல் அறமாகாது.