ஓணான் செய்த குற்றம்

சித்தன்னவாசல் குன்றுக்கு மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தோம். குகையின் கூரையிலே தாமரைத் தடாகம். மீன் துள்ளுகிறது, அன்னம் நீந்துகிறது, எருமை நிற்கிறது, யானை திளைக்கிறது. ஒன்றைக் கண்டு ஒன்று அஞ்சவில்லை. கொல்லாமையைக் கொள்கையாகக் கொண்ட சமணர்க்காக 9ஆம் நூற்றாண்டிலே தீட்டப்பட்ட கனவு! அந்தக் கனவின் கீழ் நின்று நாம் விளக்கம் கூறிக்கொண்டிருந்த வேளையில், வெளியே ஆரவாரம் கேட்டது. ஓடினோம். ஈர்க்கின் நுனியிலே சுருக்கு. சுருக்கிலே துடிக்கும் ஓணான். சுற்றிலும் கல்லேந்திய கரங்களுடன் நம் மாணவர் அறுவர்.

“ஏனடா வதைக்கிறீர்கள்?” என்றோம்.

“இது ராமருக்கு மூத்திரம் கொடுத்தது, ஐயா!” என்றான் ஒருவன், சாட்சிக் கூண்டிலே நிற்பவனின் உறுதியோடு.

கதை நாம் அறியாததன்று. தாகத்தால் தவித்த இராமனுக்கு அணில் இளநீர் தந்ததாம், ஓணான் சிறுநீர் தந்ததாம். அணிலுக்கு முதுகிலே மூன்று கோடு. ஓணானுக்குத் தலைமுறை தலைமுறையாகக் கல்லடி! வால்மீகி பாடாத கதை, கம்பன் காணாத கதை, திண்ணையிலே பிறந்து தெருவிலே வளர்ந்த கதை. எனினும், எந்த நீதிமன்றத் தீர்ப்பும் இத்துணை ஒழுங்காக நிறைவேற்றப்பட்டதில்லை. கொடுமை செய்யக் கை துடிக்கிறது. காரணம் கேட்டால் கடவுளின் பெயர் கைகொடுக்கிறது.

கை ஓங்கினோம். ஓங்கிய கை நின்றது. அடிக்கலாகாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் கூறுவது நினைவுக்கு வந்ததாலன்று. கல்லூரி நாட்களில் நூலகத்திலே கண்ட படம் ஒன்று கண்முன் வந்ததால்.

வில்லியம் ஹோகார்த் என்ற ஓவியன், 1751இல் இலண்டனிலே நான்கு படங்களை அச்சிட்டு வெளியிட்டான். ‘கொடுமையின் நான்கு படிகள்’ என்பது தொகுதியின் பெயர். மாளிகைச் சுவரிலே மாட்டி மகிழ்வதற்கன்று, தெருவிலே திரிவோர் கண்டு திருந்துவதற்கு. ஏழைக்கும் எட்டும் விலையில் விற்க வேண்டுமென்று மரத்திலே செதுக்கி அச்சிடவும் முயன்றான். இரண்டு படங்களோடு அம்முயற்சி நின்றது. முதற் படத்திலே டாம் நீரோ என்ற அநாதைச் சிறுவன் நாயை வதைக்கிறான். சுற்றிலும் அவன் வயதொத்தோர்: பறவையின் கண்ணைச் சுடுகிறான் ஒருவன், சேவலின்மீது தடி எறியக் குறி பார்க்கிறான் இன்னொருவன், பூனைகளைக் கட்டித் தொங்கவிட்டுச் சிரிக்கிறது ஒரு கூட்டம். நல்லுடை அணிந்த சிறுவன் ஒருவன் மட்டும், தன் தின்பண்டத்தை நீட்டி, “இதை எடுத்துக்கொள், நாயை விட்டுவிடு” என்று கெஞ்சும் பாவனையில் நிற்கிறான். இரண்டாம் படத்தில் நீரோ வண்டிக்காரன். வீழ்ந்த குதிரையை அடிக்கிறான். மூன்றாவதில், தன்னை நம்பிய கருவுற்ற பெண்ணைக் கொன்று பிடிபடுகிறான். நான்காவதில் தூக்குக் கயிறு கழுத்திலே கிடக்க, மருத்துவர் மேடையிலே அவன் உடல் அறுபடுகிறது. அவன் நெஞ்சைத் தின்கிறது ஒரு நாய்.

நாயை வதைத்தவனை நாய் தின்கிறது! நன்று நீதி என்று கைதட்டத் தோன்றும். நமக்கும் முதலிலே தோன்றியது. ஆனால் ஐயங்கள் எழுகின்றன.

ஓணானைக் கொல்பவன் நாளை மனிதனைக் கொல்வான் என்பதுதான் ஹோகார்த் கட்டிய படிக்கட்டு. அப்படியானால், பாட்டனாரின் மட்டையிலிருந்து திருடிய மூக்குப்பொடியை ஓணானின் வாயிலே திணித்து, அது கிறுகிறுத்து விழுவதைக் கண்டு குதித்த நாம், கொலைஞராகியிருக்க வேண்டும். ஆகவில்லை, ஆசிரியரானோம்! ஆகவே அந்த ஓணான் பட்ட பாடு குற்றமில்லை என்றாகிவிடுமா? மனிதனுக்குப் பின்னால் கேடு வரும் என்பதற்காகத்தான் அதன் வலி கணக்கில் சேருமா? வலி ஓணானுடையது, தோழர்களே. கணக்கு அங்கேயே தொடங்குகிறது, அங்கேயே முடிகிறது.

நான்காம் படம் இன்னும் உறுத்துகிறது. கொடுமையைக் கண்டிக்க வந்தவன், கடைசியிலே கொடுமையைத்தான் காட்சியாக்கி மகிழ்விக்கிறான். கொலைஞனின் உடலைப் புதைக்கவிடாது அறுவைக்கு அனுப்பும் சட்டம், மறு ஆண்டே, 1752இல், அந்நாட்டிலே நடைமுறைக்கு வந்தது. வாயில்லா உயிரை வதைப்பதைத் தடுக்கும் சட்டம் வரவோ 1822 வரை காத்திருக்க நேர்ந்தது. அதுவும் ஆடு மாடு குதிரைகளுக்கு மட்டும். தண்டிப்பதிலே இருந்த வேகம் காப்பதிலே இல்லை. நம் ஓங்கிய கையும் அந்த வேகத்தைச் சேர்ந்ததுதானே!

நம் நாட்டுச் சட்டம் 1960இல் பிறந்தது. அதன் 28ஆம் பிரிவு, எந்தச் சமூகத்தின் மதமும் விதிக்கும் முறையில் உயிரைக் கொல்வது குற்றமாகாது என்று வழிவிட்டு நிற்கிறது. திண்ணைக் கதைக்குக் கல். சட்டத்துக்கு ஒரு பிரிவு. வாடிவாசல்கள் மலிந்த மாவட்டம் நமது. 2014இல் தடை, 2017இல் கிளர்ச்சியும் திருத்தமும், 2023இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பு என்று காளைக்காக வாதாட இரு தரப்பிலும் வழக்கறிஞர் வரிசை இருந்தது. (அவ்வழக்கை மீண்டும் நடத்துவது இங்கே நம் நோக்கமன்று.) ஓணானுக்கு யார் வக்காலத்து?

வழக்கறிஞர் என்றதும் அந்த இரண்டாம் படத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது. குதிரை வீழ்ந்தது ஏன்? வாடகையை மிச்சப்படுத்த, கொழுத்த வழக்கறிஞர் நால்வர் ஒரே வண்டியிலே ஏறி அடைந்துகொண்டார்கள்; பாரம் தாங்காமல் கால் முறிந்தது. அடிப்பவன் நீரோ. அடி விழக் காரணமானவர்களோ நீதியின் அங்கி அணிந்தவர்கள்! ஏழைச் சிறுவனுக்குப் பாடம் கற்பிக்கப் புறப்பட்ட ஓவியன், இங்கே மட்டும் மேலே இருப்போரையும் ஒரு கணம் பிடித்துக் காட்டிவிட்டான். நான்கு படங்களிலே நாம் மதிப்பது இதைத்தான்.

குன்றிலிருந்து திரும்பிய மறுவாரம், முதல் இரண்டு படங்களை வகுப்பிலே காட்டினோம், பின்னிரண்டைக் காட்டவில்லை. முதற் படத்தைக் கண்டு சிரித்தார்கள் சிலர், தலை குனிந்தார்கள் சிலர். இரண்டாம் படத்தின் முன்னே நெடுநேரம் நின்றான், சுருக்கு ஏந்தியிருந்தவன். தந்தை மாட்டு வண்டியிலே வைக்கோல் ஏற்றிப் பிழைப்பவர்.

“குதிரை விழுந்த பிறகும் வண்டிக்குள்ளே இருப்பவர்கள் ஏன் ஐயா வைதுகொண்டு நிற்கிறார்கள்? தூக்கிவிடக்கூடாதா?” என்று கேட்டான்.